மோனிக்காவின் அமாவாசை

எங்கள் முதியோர் இல்லத்தின் முதலாம் மாடி ஊழியர் அறையில், கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில், மாதத்துக்கு ஒருநாள் ஒரு மெழுகுதிரி எரியும். எரியும் என்று சொல்வது மரியாதைக்கு. அது பிளாஸ்டிக் திரி. அடியில் பற்றரி போட்டால் நுனியிலுள்ள சின்னக் குமிழ் சுவாலை மாதிரி ஆடும். உண்மைத் திரி கொளுத்தினால் கூரையிலுள்ள புகைக்கருவி கத்தும், தீயணைப்புப் படை வந்து நிற்கும், பிறகு மாதம் முழுவதும் மேலதிகாரியின் முகத்தைப் பார்க்க ஏலாது. திரிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர், இன்னொரு கிண்ணத்தில் உப்பு. இங்கே வேலைக்கு வந்த புதிதில் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஜேர்மன்காரர் கோப்பிக்குள் என்ன போட்டாலும் நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். ஒருநாள் மேசையைத் துடைக்கும்போது, கையோடு உப்பைக் கொட்டிக் கிண்ணத்தையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். துப்புரவாக இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்தால், இரண்டாம் மாடியிலிருந்து மோனிக்கா இறங்கி வந்து, "என்ர நிலவை ஆர் கழுவி வச்சது?" என்று கேட்டாள்.

மோனிக்காவும் என்னைப் போல ஐம்பதைத் தாண்டியவள். என்னைப் போலவே முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, பின்னேரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவள். அவள் பேசுவது டொச்சில், ஜேர்மன் மொழியில்தான். ஆனால் முப்பது வருடமாக எனக்குள் டொச் எங்கள் பேச்சாகவே வந்து பதிகிறது. அப்படியே எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம். "இண்டைக்கு நொய்மோண்ட்," என்றாள். "நிலவு இல்லாத நாள். பழசை விட்டிட்டுப் புதுசைத் தொடங்கிற நாள். உப்பு பழசை உறிஞ்சும். தண்ணிக்கு முன்னால இருந்து விருப்பத்தைச் சொல்லவேணும். பௌசக்குள்ள முடிச்சிடலாம்." பௌச என்பது எங்கள் அரைமணி நேர இடைவேளை. முன்பு அவளுக்கு ஒரு குழு இருந்ததாம். காட்டுக்குள் போய், நெருப்பு மூட்டி, வட்டமாக நின்று பாடுவார்களாம். ஒருத்திக்கு இரவு வேலை, ஒருத்திக்குப் பேரப்பிள்ளை, ஒருத்திக்கு முழங்கால் வருத்தம் என்று, எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு டெர்மின், குறித்த நாளும் நேரமும், கிடைக்காமலே குழு கலைந்துபோயிற்று. நிலவும் தன் டெர்மினை மாற்றாது. அதனால் மோனிக்கா காட்டைச் சுருக்கிக் கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

தான் ஒரு ஹைடின் என்றும் சொன்னாள். இயேசுநாதர் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பு இங்குள்ளவர்கள் மரத்தையும் நிலவையும் கும்பிட்டார்களே, அந்த வழி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் வேதபாட ரீச்சர் ஒருவர் திருநீறு பூசிக்கொண்டு வருகிற எங்களை அஞ்ஞானிகள் என்றுதான் குறிப்பிடுவார். மனம் நோகப் பேசவேண்டும் என்றல்ல; மழைக்காலம், வெயில்காலம் என்பதுபோல எங்களுக்கு அது ஒரு பெயர். நாங்களும் ஓம் ரீச்சர் என்று இருந்தோம். அந்த ரீச்சரின் வேதம் புறப்பட்டு வந்த கண்டத்தில், ஒரு வெள்ளைக்காரி தன்னைத்தானே அஞ்ஞானி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு எனக்கு முன்னால் உப்புக் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். "அப்ப நானும் ஹைடின்தான்," என்றேன். "எனக்கும் இண்டைக்கு அமாவாசை." என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினேன். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, ஒரு வாழைப்பழம். காலையில் இருந்து வெறும் தேத்தண்ணியோடு நின்று, பகல் ஒருநேரச் சாப்பாடு. "என்ர அப்பாவுக்காக," என்றேன். அவளுக்குக் கண் விரிந்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு கூட்டு. அமாவாசைகளில் முடிந்தவரை ஒரே நேரத்தில் இடைவேளை எடுப்போம். அவள் தண்ணீருக்கு முன்னால் இருப்பாள், நான் சாப்பிடுவேன். இருவருக்கும் அரைமணி நேரம்.

ஊரில் இருந்து வாசிக்கிற நீங்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கக்கூடும். அமாவாசை என்றால் முழுகி, ஈரத்தலையோடு சமைத்து, படைத்து, காகத்துக்கு வைத்து, பிறகல்லவா சாப்பாடு? ஓம். நானும் ஒருகாலம் அப்படித்தான் நினைத்தேன். இங்கே டீன்ஸ்ட்பிளான் என்று ஒரு வேலை அட்டவணை இருக்கிறது. அது பஞ்சாங்கத்தைப் பார்த்துப் போடுவதில்லை. அதிகாலை வேலை என்றால் விடியுமுன் முழுகி, முதல்நாள் சமைத்ததைப் பெட்டியில் போட்டு, சுவாமிப் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு பஸ் பிடிக்க ஓடவேண்டும். விரதம் எந்த நாள் என்பதிலும் பிடுங்குப்பாடு. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்கா ஒரு நாளைச் சொல்லுவாள், இங்குள்ள எங்கள் ஊன்ட்றொப் கோவிலில் ஒரு நாளைச் சொல்லுவார்கள், மோனிக்கா தன் ரெலிபோனைப் பார்த்து நிமிடக் கணக்கோடு மூன்றாவதாக ஒன்றைச் சொல்லுவாள். நான் கோவில் சொல்வதை எடுப்பேன். காகத்தைப் பற்றி எழுதமாட்டேன். இங்கேயும் காகம் இருக்கிறது, சோறு வைத்தால் மேல்வீட்டுக்காரி முறைப்பாடு எழுதுவாள். புலம்பெயர்ந்து பேனா பிடித்த எல்லோரும் அதை எழுதியாயிற்று.

ஊரில் அமாவாசை அப்பாவின் விரதமாக இருந்தது. அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். மண்ணெண்ணெய் மணம் போகாத கையோடு வீட்டுக்கு வருகிற மனிதர். தன் அப்பாவுக்காக ஒவ்வோர் அமாவாசையும் பிடிப்பார். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடி, எள்ளும் தண்ணியும் இறைத்துவிட்டு வருவார். அன்றைக்குக் காத்தோட்டிக்காய் கட்டாயம். அந்தக் கைப்பை எண்ணெயில் எவ்வளவு பொரித்தாலும் அது கைப்பாகத்தான் இருக்கும். பிள்ளைகள் நாங்கள் வடைக்கும் பாயாசத்துக்கும் காவல் இருப்போம். ஆனால் காவல் இருப்பதும் வெறுவயிற்றோடு இல்லை. ஓர் அமாவாசையன்று நான் ஏதோ கோபத்தில் காலைச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு மூலையில் இருந்தேன். மற்ற நாளென்றால் பசித்தால் வருவாள் என்று அம்மா விட்டிருப்பா. அன்றைக்கு இடியப்பத்தைப் பிசைந்துகொண்டு வந்து, என் தாடையைப் பிடித்து வாய்க்குள் திணித்தா. "கொப்பர் குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்க அமாவாசையில பட்டினி கிடக்கிறியோ? வாயைத் திற!" அம்மாவின் கண்ணில் கோபத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது. தகப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளை அன்றைக்குப் பட்டினி கிடக்கக்கூடாது. விரதம் பிடிக்கிறவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் நடுவில் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு காலம் நிற்கிறோமோ அவ்வளவு காலம் நாங்கள் கொடுத்துவைத்த பிள்ளைகள்.

நான் கோட்டைத் தாண்டியது கொரோனாக் காலத்தில். அப்பா அங்கே நெஞ்சுவலியில் போனார். விமானம் இல்லை. வரவேற்பறைச் சோபாவில் இருந்து, கைத்தொலைபேசியில் படம் நின்று நின்று ஓடச் செத்தவீட்டைப் பார்த்தேன். நாங்கள் இருக்கிற இந்த ஹம் நகரத்தில் எங்கள் சனம் ஒரு துக்கம் என்றால் வீடு கொள்ளாமல் வந்து நிற்கிற சனம். அந்த நேரம் யாரும் வரமுடியாது, எல்லோரும் போன்தான் எடுத்தார்கள். இரண்டு நாள் விடுப்புக்குப் பிறகு, அப்போது நான் வேலை செய்த வேறோர் இல்லத்துக்குப் போனேன். பாதிப் பேர் தனிமைப்படுத்தலில் இருந்ததால் ஆள் இல்லை. மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களால் இரக்கம் சொன்னார்கள். தள்ளி நின்று தலையாட்டினார்கள். குறை சொல்லவில்லை, அதுதான் அப்போது சட்டம். ஆனால் என் அப்பா செத்ததற்கு என்னுடைய கையைப் பிடித்து ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்குள் ஒரு பக்கமாகக் கிடந்தது. அதனால்தான் இந்த ஒருநேரச் சாப்பாட்டு விரதத்தை, எவ்வளவு சுருங்கினாலும், நான் விடாமல் பிடிக்கிறேன்.

மோனிக்காவின் அப்பா ஹேர் பிரிங்மன் எங்கள் இல்லத்துக்கு வந்தது, நான் இங்கே வேலை மாறி வந்த பிறகு. ரெயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஞாபகம் கரைகிற வருத்தம். மகள் இரண்டாம் மாடியில் வேலை செய்வதால், அவரை எங்கள் கீழ்த்தளத்தில் சேர்த்தார்கள். சொந்தக்காரரைச் சொந்தக்காரர் பராமரிக்க இங்கே விடமாட்டார்கள். அவர் எப்போதும் கோட்டுப் போட்டுக்கொண்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கதிரையில் நிமிர்ந்து இருப்பார். அது ஏதோ ஒரு ரெயில் நிலையம் என்பது அவருடைய நினைப்பு. "ஹம்முக்குப் போற ரெயில் இண்டைக்கும் பிந்துதோ?" என்று என்னைக் கேட்பார். நீங்கள் இருப்பதே ஹம்மில்தான் என்று சொல்லிப் பயனில்லை. "ஓம், கொஞ்சம் பிந்துதாம்" என்பேன். "அப்ப ஒரு கோப்பி குடிக்கலாம்" என்பார். இந்த நாட்டு ரெயில்களைத் தெரிந்தவர்களுக்கு அது பைத்தியக்காரப் பேச்சாகத் தெரியாது.

டிசம்பரில், நத்தார் நேரம் மோனிக்கா தானே சுட்ட பிஸ்கற் கொண்டு அவரிடம் போனாள். அறையில் மணி அடித்தது, ஓடிப்போனவள் நான். மனிதர் எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நடுங்கினார். "இந்த அம்மாவை ஆரெண்டு எனக்குத் தெரியாது. என்ர சாமான்களைத் தொடுறா. தயவுசெய்து வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ." சீருடையில் நின்றவள் நான்தானே. மகளை அவளுடைய அப்பாவின் அறையிலிருந்து தோளில் கைவைத்து வெளியே கூட்டிவந்தேன். பிஸ்கற் தட்டு அவள் கையிலேயே இருந்தது. அன்றிலிருந்து மோனிக்கா அந்தப் பக்கம் வரவில்லை. வேலை முடிந்து போகும்போதும் பின் படிக்கட்டால் இறங்கிப் போய்விடுவாள். உடுப்பு, சவர்க்காரம், சொக்லேற் எல்லாம் என்னிடம் தந்துவிடுவாள். எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்கமாட்டாள். நானாகச் சொல்லத் தொடங்கினாலும் வேறு கதைக்குப் போய்விடுவாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் இல்லத்தில் யாராவது இறந்தால், வாசலிலுள்ள சின்ன மேசையில் அவருடைய படத்தை வைத்து, பக்கத்தில் பற்றரித் திரி ஒன்றை எரியவிடுவார்கள். வேலைக்கு வருகிறபோது எங்கள் கண் முதலில் போவது அந்த மேசைக்குத்தான். வைகாசி அமாவாசையன்று நான் மூன்று நாள் விடுமுறைக்குப் பிறகு வந்தேன். வாசல் மேசை வெறுமையாக இருந்தது. நிம்மதியாக ஊழியர் அறைக்குப் போனால், கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் திரி ஆடுகிறது. அதற்குப் பின்னால் சட்டம் போட்ட படத்தில் ஹேர் பிரிங்மன், ரெயில்வேத் தொப்பியோடு இளம் வயதில். முன்னால் ஒரு தட்டில் சோறு. வாசல் மேசைக்குப் படம் வருமுன்னே ஆள் போய்விட்டார் என்று நினைத்தேன். மோனிக்கா தண்ணீர்க் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். நான் கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு அவளுடைய இரண்டு கையையும் பிடித்தேன்.

"மோனிக்கா, எப்ப நடந்தது? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல."

"என்ன நடந்தது?"

"உன்ர அப்பா…"

"அப்பா கீழதான் இருக்கிறார்," என்றாள். "இது என்ர நொய்மோண்ட். நீதானே சொன்னனி, அமாவாசையில அப்பாவுக்காகச் செய்யிறது எண்டு. சோறும் உன்னைப் பாத்துத்தான் வச்சனான்."

பிடித்த கையை விட்டேன். "அது செத்த அப்பாவுக்கு!"

"நீ அப்பிடிச் சொல்லேல்லயே."

உண்மைதான், நான் சொல்லவில்லை. எங்களில் யாருக்கும் அதைச் சொல்லவேண்டி வருவதில்லை. அமாவாசை, அப்பா என்று இரண்டு சொல்லையும் சேர்த்தாலே, அவர் இல்லை என்பது அதற்குள் இருக்கும். ஆனால் எனக்கு அப்போது நியாயம் பார்க்கிற நிலை இல்லை. உயிரோடு கீழே கோப்பி குடிக்கிற மனிதரின் படத்துக்கு முன்னால் விளக்கும் சோறும். அம்மாவின் கண்ணில் அன்று கண்ட பயம் எனக்குள் எழும்பிவிட்டது. படத்தை எடுத்து மோனிக்காவின் கையில் திணித்தேன். "இதை உடனே கொண்டுபோ. சோத்தையும் எடு."

மோனிக்கா படத்தைத் திரும்ப மேசையில் வைத்தாள். "எனக்கு அவர் போயிட்டார், வசந்தி. கீழ கதிரையில இருக்கிறது அவற்ர கோட்டு மட்டும்."

"நான் லீவில போக முதல் நாள், பாணுக்குக் கூட ஜாம் பூசச் சொல்லிக் கேட்டவர். கோட்டு ஜாம் கேக்காது."

அவளுடைய முகம் சிவந்தது. "இது என்ர நம்பிக்கை. உன்ர சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள நான் எப்பவாவது கை வச்சனானோ?" படத்தையும் திரியையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். சோற்றுத் தட்டு மேசையிலேயே இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் கடைசியில் நானே கழுவி வைத்தேன்.

பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. வரும்போது ஒரு குட்டன் மோர்கன், போகும்போது ஒரு ச்சூஸ், அவ்வளவுதான். வீட்டில் இவரிடம், என் கணவரிடம், சொன்னபோது, "அவளின்ர சாமி, அவளின்ர தேப்பன், உனக்கென்ன?" என்றார். இவர் சொல்வது இந்த நாட்டு நியாயம். இங்கே ஒருவருடைய நம்பிக்கையில் இன்னொருவர் கைவைப்பது அவருடைய வீட்டுக்குள் கேட்காமல் புகுவது மாதிரி. எங்கள் ஊரில் என்றால் ரோட்டால் போகிறவர்கூட உள்ளே வந்து, "உதென்ன வேலை பாக்கிறியள்?" என்று கேட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போயிருப்பார், அதற்காக ஒருவரும் கோபித்திருக்கமாட்டார்கள். முப்பது வருடத்தில் நான் இந்த நாட்டு நியாயத்தை ஓரளவு பழகிவிட்டேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பழகவில்லை, பழகவும் மாட்டேன். எனக்கு உறுத்தியது படம்கூட இல்லை. அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தார். கோட்டுக்குள் தோள் சுருங்கிக்கொண்டு வந்தது. இன்னும் சில மாதங்களில் படத்தை வாசல் மேசையிலேயே வைக்கலாம். அதற்குள் இவள் ஒருமுறையாவது அந்தக் கதவைத் தாண்டவேண்டும். தாண்டாவிட்டால் பிறகு எத்தனை நொய்மோண்ட் செய்தும் பயனில்லை. இதை எனக்குத் தெரிந்த அளவு இந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆடி அமாவாசைக்கு விடுப்புக் கேட்டிருந்தேன். பள்ளிக்கூட விடுமுறைக் காலம், சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கே முதலிடம், எனக்கு அதிகாலை வேலை போட்டுவிட்டார்கள். இவர் தன் அப்பாவுக்குச் செய்ய ஊன்ட்றொப்புக்குப் போனார். நான் முழுகிச் சமைத்தேன். தமிழ்க்கடையில் தங்கம் விலைக்கு வந்த காத்தோட்டிக்காயில் ஒரு பிடி, வாழைக்காய், பூசணிக்காய், பருப்பு, பாயாசம். எல்லாவற்றையும் அடுக்குச் சட்டியில் போட்டுக் கொண்டுபோனேன். வேலை முடியும்வரை ஒன்றும் வாயில் வைக்கவில்லை. முடிந்ததும் சீருடையைக் கழற்றிவிட்டு, கொண்டுவந்த கருநீல நூல் சேலையை உடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறினேன். மோனிக்கா மருந்துத் தள்ளுவண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வேலை முடிந்திருந்தது.

"இண்டைக்கு என்ர அப்பாவின்ர நாள்," என்றேன். "நான் இன்னும் சாப்பிடேல்ல. ஒரு வயசான ஆளுக்குக் குடுத்திட்டுத்தான் நான் சாப்பிடவேணும். உன்ர அப்பாவுக்குக் குடுக்கப்போறன்."

"குடு," என்றாள், என்னைப் பார்க்காமல்.

"வெளிச் சாப்பாடு எண்டால் சொந்தக்காரர் பக்கத்தில நிக்கவேணும். சட்டம் உனக்குத் தெரியும்."

அப்படி ஒரு சட்டம் இல்லை. சொந்தக்காரர் சம்மதித்தால் போதும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் சட்டம் என்று சொன்னால் ஒரு ஜேர்மன்காரி முதலில் தயங்குவாள். அந்தத் தயக்கம் எனக்குப் போதும். அடுக்குச் சட்டியில் பாதியை அவளுடைய கையில் கொடுத்துவிட்டு முன் படிக்கட்டால் இறங்கினேன். பின்னால் அவளுடைய சப்பாத்துச் சத்தம் வந்தது.

ஹேர் பிரிங்மன் கோட்டோடு ஜன்னலோரம் இருந்தார். மோனிக்கா கதவுக்கு வெளியே நின்றாள். "வாங்கோ, வாங்கோ, ரெயில் வர இன்னும் நேரம் இருக்கு," என்று இருவரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னார். அவளும் உள்ளே வந்தாள். அந்நியர்கள் உட்காருவது போல ஆளுக்கொரு கதிரையில் உட்கார்ந்தோம். உறைப்பில்லாத பூசணிக்காயையும் பருப்பையும் சோற்றோடு பிசைந்து கொடுத்தேன். கரண்டியால் ஒழுங்காகச் சாப்பிட்டார். காத்தோட்டிக்காயில் ஒரு சின்னத் துண்டு. கடித்ததும் முகத்தைச் சுருக்கினார், ஆனால் மரியாதைக்கு விழுங்கிவிட்டார். பிறகு துக்க உடுப்பைப் பார்ப்பது மாதிரி என் கருநீலச் சேலையைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஆர் செத்தது?" என்று கேட்டார்.

மோனிக்காதான் சொன்னாள், "இவவின்ர அப்பா."

கடதாசித் துவாயால் கையைத் துடைத்தார். எழும்பப் பார்த்தார், முடியவில்லை. இருந்தபடியே முன்னால் சரிந்து என் வலக்கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார். "மைன் பைலைட்," என்றார், செத்தவீட்டில் இரக்கம் சொல்கிற வார்த்தை. "நல்ல மனுசனோ?" "ஓம்," என்றேன். "ரெயில்வேயோ?" "இல்லை, கடை மனேஜர்." "அதுவும் நல்ல வேலைதான்," என்று சொல்லிக் கையை விடாமல் வைத்திருந்தார். அவருடைய கை குளிர்ந்தது, எலும்பு தெரிந்தது, பிடி மட்டும் இறுக்கம். நான் அழுதேன். அப்பா செத்து இத்தனை வருடத்துக்குப் பிறகு, ஓர் அந்நிய மனிதரின் கைக்குள் கையை வைத்துக்கொண்டு, செத்தவீட்டில் அழுவது மாதிரி, மூக்குச் சிந்தி அழுதேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

நான் அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, அவர் மோனிக்காவின் பக்கம் திரும்பினார். சபையில் ஒருவரை விசாரித்தால் மற்றவரையும் விசாரிக்கவேண்டும் என்கிற மரியாதை அது.

"உங்கட அப்பா? அவர் இருக்கிறாரோ?"

மோனிக்கா பாயாசக் கிண்ணத்தைப் பிடித்தபடி இருந்தாள். வெளியே யாரோ தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போனார்கள்.

"இருக்கிறார்," என்றாள்.

"எங்க?"

"ஹம்மில."

"ஹம்மிலயோ? அங்கதானே நானும் போறன்! கிட்டத்தான்." அவருக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, தெரியாத ஒருவருக்குப் புத்தி சொல்கிற கூச்சத்தோடு சொன்னார்: "அப்ப ஒருக்கா போய்ப் பாருங்கோ, அம்மா. இவவுக்கு இனி ஏலாது. உங்களுக்கு ஏலும்தானே."

"போறன்," என்றாள் மோனிக்கா. கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "ரெயில் வரட்டும். அதுக்கு முதல் இதைக் கொஞ்சம் சாப்பிடுங்கோ." பாயாசத்தைக் கரண்டியில் எடுத்து, அவருடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். யார் நீங்கள் என்று அவர் கேட்கவில்லை, வாயைத் திறந்தார். இரண்டாவது கரண்டிக்கும் திறந்தார். நான் எஞ்சிய சோற்றைப் போட்டுக்கொண்டு அந்த மேசையிலேயே என் விரதத்தை முடித்தேன். காத்தோட்டிக்காய் ஊரில் கைத்த மாதிரியே கைத்தது. போகப் புறப்பட்டபோது அவர் என் சேலையை மறுபடியும் பார்த்து, ஆர் செத்தது என்று கேட்டார். சொன்னேன். மறுபடியும் கையைப் பிடித்து, முதல்முறை கேள்விப்பட்டவர் போல, அதே வார்த்தையைச் சொன்னார். இரண்டாவது முறையும் எனக்கு அது தேவையாகத்தான் இருந்தது. மோனிக்கா என்னோடு எழும்பி வரவில்லை.

பஸ் தரிப்பில் நிற்கும்போது அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்தாள். அங்கே இருட்டிவிட்டிருந்தது, இங்கே வெயில் கண்ணைக் கூசியது.

"விரதம் முடிச்சிட்டியோ?"

"ஓம் அக்கா."

"தனியவோ இருந்து சாப்பிட்டனி?"

"இல்லை. ஒரு ஐயாவுக்குக் குடுத்திட்டு அவரோட இருந்து சாப்பிட்டனான்."

"அது நல்லது. எந்த ஊர் ஐயா?"

"ஹம் தான்."

"அதை ஆர் கேட்டது? எங்கட ஆளோ எண்டு கேக்கிறன்."

பஸ் வந்து கதவைத் திறந்தது. ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டு ஒரு கணம் நின்றேன்.

"ஓம் அக்கா," என்றேன். "எங்கட ஆள்தான்."